குடிக்க முடியாத தண்ணீர்

மீன்தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டும்போது திருச்செல்வம் மூச்சை அடக்கிக்கொள்வார். காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வலது கையின் இரண்டு விரல்களில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பச்சைப் படலம் வாடிய வெற்றிலை போலச் சுருண்டு, அவசரமில்லாமல் இறங்கி மணலைத் தொடும். அது தொட்ட பிறகுதான் அடுத்த இழுப்பு. முன்பக்கக் கண்ணாடியோடு சரி. பின்பக்கத்துப் பாசியில் கை வைக்கமாட்டார்.

"அது நத்தைங்களோட சோறு லா. எல்லாத்தயும் நாமளே தொடச்சிட்டா அதுங்க எந்தத் தோட்டத்துல போயி வேல கேக்கும்?"

அப்போது அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். அந்தக் கை தொட்டிக்குள் போகக் கூடாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு கயிறு போலப் புடைத்து ஓடும். விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே சின்ன மோட்டார் ஓடுவது போல அதிரும். வாரத்தில் மூன்று நாள் ரஹாங்கிலிருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் அந்த நரம்பில் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, மறுபடி உள்ளே விடுகிறார்கள். "இந்தக் கை மிஷினுக்கு, அந்தக் கை மீனுக்கு" என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்.

எங்கள் தாமான், மதகுத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். கொல்லைக் கதவைத் திறந்தால் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும். அங்கே ரப்பர் மரம் நின்ற காலத்தில் திருச்செல்வம் அதன் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். பிறகு செம்பனைக் குலை லோரி. சர்க்கரை நோய் முதலில் கால் விரலையும் பிறகு சிறுநீரகத்தையும் பிடித்த பின் லோரியை விட்டார். நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அவரை மாமா என்பேன். அவர் என்னை 'டிகிரி' என்பார். பட்டமளிப்பு விழாவிலிருந்து நான் அங்கி மடிப்போடு வந்து இறங்கிய நாளில் வைத்த பெயர். அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

டயாலிசிஸ் செய்பவருக்குத் தண்ணீர் எதிரி. குடித்தது வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும். காலில் தேங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். நாள் முழுவதுக்கும் அவருக்கு ஒரு சின்ன போத்தல்தான். அதில் அவர் மனைவி மோகனா சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு மேலே ஊற்றுவதில்லை. தேநீர், ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு, எல்லாம் அந்தக் கணக்குக்குள். வாய் மிகவும் காய்ந்தால் ஐஸ் கட்டி. ஃப்ரீசரில் மோகனா வைத்திருக்கும் சின்னத் தட்டில் அன்றைக்குரியது உறைந்திருக்கும். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் அது கரைந்து முடியும்வரை பேசமாட்டார்.

இப்படிப்பட்டவர் ஏன் வரவேற்பறையில் இவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டியை வைத்தார் என்று பக்கத்து வீட்டு வீரமுத்து கேட்டபோது நானும் இருந்தேன்.

"மொதல்ல தங்கமீன் வளக்கலாம்னுதான் பாத்தேன்" என்றார் திருச்செல்வம். "கடையில அந்தத் தண்ணியப் பாத்ததும் நாக்கு வறண்டிருச்சி. நல்ல தண்ணி லா. ஒரு கோப்ப மொண்டு குடிச்சிரலாம் போல இருந்திச்சி. அப்பறம் கட மொதலாளி தவுக்கே அந்தப் பக்கம் உப்புத் தண்ணித் தொட்டியக் காட்டுனான். நீலமா, சும்மா அப்படியே கெடந்திச்சி. பாக்கலாம். குடிக்க முடியாது. இதான் நமக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்ப பார்ல போயி ஒக்காந்து பாத்துட்டு வர்ற மாதிரி" என்றார் வீரமுத்து.

"நீ பாத்துட்டு மட்டுமா வர்ற?"

கடல் நீர் என்றால் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் மொண்டு வருவதில்லை. ராசாவில் இருக்கும் அந்த மீன் கடைத் தவுக்கே முதல் நாளே சொல்லிவிட்டான்: வடிகட்டிய சுத்தமான தண்ணீர், அதில் கடல் உப்புத் தூள், ஒரு வாளியில் பம்ப் போட்டு நாள் முழுக்கக் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பாசிக்கு விருந்து வைத்தது போல. ஆகவே கடைத்தெருவில் இருக்கும் தண்ணீர் மெஷினிலிருந்து கேன் கேனாக என் காடியின் பின் இருக்கையில்தான் வந்தது. மணல் பரப்பி, கல் அடுக்கி, மேலே நீல விளக்கு. பம்ப் ஓடத் தொடங்கிய மாலையில் கூரையெங்கும் வெளிச்சம் அலை அலையாக ஓடியது. மோகனா துணி மடித்துக்கொண்டிருந்தவர், மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற வாரக்கணக்காகும். தவுக்கே ஒரு சோதனைப் பெட்டியும் கொடுத்திருந்தான். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால், மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சை ஏறினால் அமோனியா. திருச்செல்வம் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

"எனக்கா அமோனியா காட்டுறான்? பால் கெட்டியாவாம இருக்க லோரித் தொட்டியில ஊத்துறதே அதுதான். இருபது வருசம் மோந்த மூக்கு இது." தொட்டியின் மேல் குனிந்து இழுத்து மோந்தார். "ஒண்ணும் இல்ல. சுத்தம்."

விட்ட முதல் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து, பிறகு பக்கவாட்டில் மிதந்தன. அதன் பிறகுதான் மோகனா பெட்டியைப் பிரித்தார். குழாயில் செம்பனை இலை நிறம் ஏறியது. அவர் அதைக் கணவர் மூக்குக்கு நேராகப் பிடித்து, "என்னா வாசம் வருது?" என்றார். திருச்செல்வம் மோந்தார். மறுபடி மோந்தார். கழிவறை கழுவும் மருந்து போத்தலைக் கொண்டுவரச் சொல்லி அதையும் மோந்தார். எங்களுக்குக் கண் எரிந்தது. அவருக்கு ஒன்றுமில்லை.

"மூக்க லோரியிலயே விட்டுட்டு வந்துட்டேன் போல" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அமோனியா வாசம் தெரியாமல் போய் எத்தனை காலமோ. ரப்பர் போன பிறகு மோந்து பார்க்க ஒரு காரணம் வந்ததே இப்போதுதான்.

அதற்குப் பிறகு அவர் காத்திருந்தார். மீனே இல்லாத தொட்டிக்கு விளக்குப் போட்டு, பம்ப் ஓட்டி, எதிரே சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தது, யாரோ கோக்கோவைக் கொட்டியது போல. அது தானாகப் போனது. பிறகு பச்சை முடி முளைத்தது. கல்லெல்லாம் தலைமுடி வளர்ந்து, பம்ப் தள்ளும் நீரில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"என்னா அண்ணே, புல்லு வளக்கிறீங்களா? ஆடு வாங்கி விடுங்க" என்றார் வீரமுத்து.

"புதுசுன்னா களை வரத்தான் செய்யும். கன்னு நட்ட காட்டுல பாத்ததில்லயா? லாலான் புல்லு வரும், வெட்டணும், மறுபடி வரும். மரம் எழுந்து நெழல் விழுந்தா தானாப் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னார்: "இதுக்கு இன்னும் கிட்னி வளரல லா. வளருது."

விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். பச்சை முடியைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றிப் பிடுங்கினார். நத்தைகள் வந்தன, காலிச் சங்கில் குடியிருக்கும் ஒரு சின்ன நண்டும் வந்தது. விடியற்காலையில் கண்ணாடி ஓரமாகச் சுற்றி வரும் பெரிய நத்தைக்கு, தோட்டத்துக் கங்காணியை அழைப்பது போல, 'மண்டோர்' என்று பெயர். "காலப் பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிறாங்களான்னு பாத்துட்டு வர்றான்." கல் இடுக்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ எழுதிக்கொண்டே இருப்பது போலிருந்த நண்டு, தோட்டத்து ஆபீஸ் கணக்கர் போல, 'கிராணி'. சோதனைக் குழாய் மஞ்சளில் நின்று பழகிய பிறகு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன் ஜோடி ஒன்று ராசாவிலிருந்து என் காடியில் வந்தது. "இதுல பெருசுதான் பொம்பள. அது சொல்ற எடத்துல சின்னது நிக்கும். நம்ம வீட்டு வழக்கமே லா" என்றார். மோகனா அடுப்படியிலிருந்து, "நின்னாத்தானே" என்றார்.

டயாலிசிஸ் முடிந்து வரும் பிற்பகல்களில் அவர் கழுவிப் பிழிந்த சட்டை போலக் கிடப்பார். சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, கண்ணை முக்கால்வாசி மூடி. வெளியே செம்பனையில் காற்று மழை போல ஒலிக்கும். உள்ளே நீல வெளிச்சம் அவர் முகத்தில் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் அவர் பேசுவது நம்மிடமா தொட்டியிடமா என்று சொல்ல முடியாது.

"நேத்தும் அதே கனவுதான், டிகிரி. லோரி ஓட்டுறேன். பனி. ரோடு தெரியல. பின்னால தொட்டியில பால் இல்ல, தண்ணி. நல்ல தண்ணி. குலுங்குற சத்தம் கேக்குது. ஜன்னல் வழியாப் பாத்தா பின்னால கொழாய் தெறந்து கெடக்கு, ரோடு முழுக்க ஊத்திக்கிட்டே வருது. நிறுத்தணும்னு பிரேக்க மிதிக்கிறேன். காலு போயிச் சேரல."

"அப்பறம் மாமா?"

"அப்பறம் என்னா. ரோடு முழுக்க மீனு."

இந்தத் தொட்டியில் அவருக்குப் புரியவே நாளான ஒரு விஷயம் உண்டு. விளக்குச் சூட்டிலும் மேலே சுற்றும் சின்ன விசிறிக் காற்றிலும் தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். ஆனால் உப்பு எங்கும் போகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். இதை நான் விளக்கியபோது தொட்டியையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்குத் தண்ணி போயிருது. எனக்குப் போவ மாட்டேங்குது" என்றார். "ரெண்டு பேரயும் கலந்து விட்டா சரியாயிருவோம் போல."

தொட்டியிலும் மோகனா ஒரு சிவப்பு டேப் ஒட்டினார், தண்ணீர் நிற்க வேண்டிய கோட்டில். தொட்டிக்கான நல்ல தண்ணீர்க் கேன் கீழே பலகைக்கு அடியில் இருந்தது. அதன் பக்கத்தில், வாரம் ஒரு முறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றக் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் வாளி. தினம் ஒரு ஜக் மொண்டு ஊற்றுவது திருச்செல்வத்தின் வேலை. ஊற்றி முடித்ததும், தீர்த்தம் வாங்கியவர் போல, ஈரமான விரல்களை உதட்டில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவு ஈரம் அவர் கணக்கில் இல்லை என்பது போல மோகனாவும் பார்த்தும் பார்க்காமல் இருப்பார்.

போன வெயில் மாதத்தில் அவர் கால் வீங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறை ரஹாங்கில் எடை பார்க்கும்போதும் முள் கூடிக்கொண்டே போனது. "அங்கிள், களவாத் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தாதி திட்டியிருக்கிறாள். மோகனா போத்தலைப் பார்த்தார். கோட்டுக்குச் சரியாக இருந்தது. குழாயடியில் டம்ளர் காய்ந்திருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. அதே வாரத்தில் மீன் இரண்டும் இரை எடுக்காமல் மூலையில் நின்றன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் விழுந்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தன. திருச்செல்வம் என்னை ராசாவுக்கு விரட்டினார். தவுக்கே ஒரே கேள்வி கேட்டான்: உப்பு பார்த்தீர்களா?

அன்று மோகனாவுக்குக் காலை ஷிப்ட். செனாவாங்கில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துப் பழகிய கண். வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் உப்பு பார்க்கும் டப்பாவில் தொட்டித் தண்ணீரை மொண்டார். உள்ளே ஒரு முள் மிதக்கும். உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். அது உச்சியில் போய் இடித்து நின்றது.

"தண்ணி கோட்டுலதான் நிக்கிது" என்றார் மோகனா. "தெனம் ஊத்துறீங்கதானே?"

"ஊத்துறேன் லா."

"கேன்லேருந்து?"

மோகனா குனிந்து கேனைத் தூக்கினார். ஒரு கையில் லேசாக வந்தது. பக்கத்திலிருந்த உப்புத் தண்ணீர் வாளியின் மூடியைத் திறந்தார். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வாரத் தண்ணீரை மாற்ற இன்னும் நாள் இருந்தது. தொட்டியின் கோடு குறையாமலிருக்க வாளியிலிருந்து ஊற்றியிருக்கிறார் என்பது வாசலில் நின்ற எனக்கே விளங்கியது.

"அப்ப கேன் தண்ணி எங்க போச்சி?"

மோகனா அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். கணவரின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, புறங்காலில் கட்டைவிரலை அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, ஈர மண்ணில் பதிந்தது போல.

"இந்தா, இங்கதான் இருக்கு" என்றார்.

மறுநாள் விடியலில் அவருக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. என் காடியில் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலில் தலை சாய்த்து வந்தார். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். ஒரே தடவையில் எல்லாவற்றையும் இழுக்க முடியாது, இதயம் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அவர் அங்கே கிடந்த நாளெல்லாம் மோகனா வீட்டில் தொட்டிக்கு அதே வைத்தியம் பார்த்தார். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் எடுப்பார், நல்ல தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுவார். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மீன் செத்துவிடும் என்று தவுக்கே சொல்லியிருந்தான். பிறகு மருத்துவமனைக்குப் போய் முள் எங்கே நிற்கிறது என்று அவரிடம் சொல்வார். அவர் முகமூடிக்குள்ளிருந்து தலையாட்டுவார்.

திரும்பி வந்தபோது மீன்கள் இருந்தன. மண்டோர் இல்லை. ஓடு மட்டும் மணலில் கிடந்தது. திருச்செல்வம் அதை எடுத்து வெளியே போட மனமில்லாமல் கல்லோரமாக வைத்தார். ஒரு வாரத்தில் நண்டு தன் பழைய சங்கை விட்டுவிட்டு அதற்குள் நுழைந்து, முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மண்டோர் வீட்டுக்குக் கிராணி குடி போயிட்டான்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. "அவன் வீடு இன்னும் நல்லா இருக்கு. ஆளுதான் இல்ல. என்னால லா."

கேனைப் பூட்டி வைக்கலாமே என்று வீரமுத்து யோசனை சொன்னார். மோகனா மறுத்துவிட்டார்.

"பூட்டுனா சாவியத் தேடுவாரு. தொறந்தே கெடக்கட்டும். நான் வேலைக்குப் போறவ. இன்னொரு தடவ அவர இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட எனக்குத் தெம்பில்ல, அத அவருகிட்டயே சொல்லிட்டேன்."

ஆகவே கேன் அதே இடத்தில், மூடி திறந்தே இருக்கிறது. சாய்வு நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.

போன ஞாயிறு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது மின்சாரம் போனது. நல்ல வெயில். முதலில் விளக்கு அணைந்தது, பிறகு விசிறி நின்றது, கடைசியாகப் பம்பின் முனகலும். வீட்டுக்கு ஒரு சத்தம் இருந்தது, அது போன பிறகுதான் தெரிந்தது. தொட்டி சாம்பல் நிறமாக நின்றது. கொஞ்ச நேரத்தில் மீன் ஜோடி மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து மூடத் தொடங்கியது. திருச்செல்வத்துக்கு அது தெரிந்த அறிகுறி. முதல் இரண்டு மீன்களும் அப்படித்தான் தொடங்கின.

"சூடு ஏறுது" என்றார். ஜக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார், காற்று கலக்கட்டும் என்று. மொண்டார், ஊற்றினார். அவருக்கே மூச்சு வாங்கியது. ஜக்கை நான் வாங்கிக்கொண்டேன். மின்சாரம் வரவில்லை. மோகனா கண்ணாடியில் கை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

திருச்செல்வம் எழுந்து அடுப்படிக்குப் போனார். ஃப்ரீசர் திறக்கும் சத்தம் கேட்டது. ஐஸ் தட்டோடு வந்தார். கேனிலிருக்கும் அதே நல்ல தண்ணீரில் உறைந்த, அன்றைய பொழுதுக்கு அவருக்கென்று இருந்த கட்டிகள். காலையிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை போலிருக்கிறது, தட்டு நிறைந்திருந்தது. வாய் ஓரங்கள் வெளுத்துக் காய்ந்திருந்தன.

"எல்லாத்தயுமா?" என்றார் மோகனா.

"ஒண்ணு ஒண்ணா லா. அவசரப்பட்டா அதுங்க தாங்காது."

முதல் கட்டியை மூலையில் மிதக்க விட்டார். அது கரைந்து காணாமல் போகும்வரை பார்த்தார். பிறகு அடுத்தது. சன்னலிலிருந்து விழுந்த வெயில் கட்டிக்குள் புகுந்து மணலில் ஒரு சின்ன வெளிச்சத்தை ஆட்டியது. கரைகிற இடத்தில் நீர் எண்ணெய் போல நெளிந்து கீழே இறங்கியது. பெரிய மீன் முதலில் அந்தக் குளிர்ச்சிக்குள் வந்து நின்றது. சின்னது அதன் பின்னால் வந்து நின்றது. வாய் திறந்து மூடுவது கொஞ்சம் நிதானப்பட்டது.

கடைசிக் கட்டி தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் நெம்பி எடுத்தார். விரல்களுக்கிடையே அது சொட்டத் தொடங்கியது. சொட்டுக் கீழே தரையில் விழாமலிருக்கக் கையைத் தொட்டிக்கு மேலேயே வைத்திருந்தார். பிறகு தண்ணீருக்குள் விட்டார்.

கை நனைந்திருந்தது. வழக்கம் போல அது முகத்தை நோக்கி எழுந்தது, மோவாய் வரை வந்தது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு அவர் அந்த விரல்களைக் கைலியில் அழுத்தி, ஒவ்வொன்றாக, நன்றாகத் துடைத்துக்கொண்டார்.